ஜாதிக்காய் பங்களாவின் பின்படி

அன்று மாலை ஜாதிக்காய் பங்களாவில் இருந்தவர்கள்: வீட்டை வாங்கிய அப்துல் முத்தலிப்; வாங்கும்போது யாரும் ஒரு வார்த்தை கேட்டிராத அவர் மனைவி பதுருன்னிசா; கல்யாணப் பெண் ரஷீதா; சமையலுக்கு உர்சுலா; தோட்டத்துக்கும் தண்ணீருக்கும் அவள் கணவர் லாசரஸ்; மாப்பிள்ளையின் தகப்பனார் ஒலி முகம்மது; தாயார் ஹலீமா; ஹலீமா எதைச் சொன்னாலும் ஆமாம் போடுவதற்கென்றே கூட வந்த இரண்டு நாத்தனார்கள். மாப்பிள்ளை யாக்கூப் வரவில்லை. வரக்கூடாது என்பது முறை. அந்தத் தெரு மரங்களைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு போன மாதம் அவன் சைக்கிளில் பல தடவை போனான், வந்தான். ஒரு தடவை மரத்திலேயே முட்டினான். ரஷீதா மூங்கில் தட்டிக்குப் பின்னால் நின்று சிரித்ததை அவன் கேட்டிருக்கலாம்.

தெருவுக்குப் பெயர் ஆங்சானா ரோடு, ஊர் சிங்கப்பூர். ஒரு காலத்தில் அந்தக் குன்று முழுக்க ஜாதிக்காய்த் தோட்டம். மரங்களுக்கு நோய் வந்தது. தோட்டம் போட்ட துரைமார்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கப்பலேறினார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் புத்தி வந்து எதையும் பயிரிடவில்லை, வீடு கட்டினார்கள். இரண்டு பக்கமும் ஆங்சானா மரங்கள் வைத்தார்கள். அவை வளர்ந்து தலைக்கு மேல் கைகோத்துக்கொண்டதால் உச்சி வெயிலில் கூட அந்த ரோட்டில் குடை தேவைப்படாது. வீடுகள் எல்லாம் ரோட்டைவிட்டுத் தள்ளி, செங்கல் தூண்களில் கால் ஊன்றி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நிற்கும் பெண்களைப் போல நின்றன. தரைக்கு அடியில் கோழியும் நாயும் படுத்துக்கிடக்கும். வாசல் தூண்களில் சீமை ஊர்களின் பெயர்களைச் செதுக்கியிருந்தார்கள். வண்டி ஓட்டுகிறவர்களில் ஒருவரும் அதைப் படித்தது கிடையாது. அவர்களுக்கு அவை நாய் வீடு, பியானோ வீடு, சண்டைக்கார மதாம் வீடு. மிச்சமிருந்த ஒரே ஜாதிக்காய் மரம் எந்த வீட்டில் நின்றதோ அது ஜாதிக்காய் பங்களா.

மார்க்கெட் தெருவில் துணிக்கடை வைத்திருந்த அப்துல் முத்தலிப் அந்த வீட்டில் நடந்த ஏலத்தில் இரண்டு அலமாரி எடுக்கப் போனார். வீட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அலமாரி நல்லா இருந்துச்சு புள்ளே. அது நிக்கிற வீடும் நல்லா இருந்துச்சு" என்றார் மனைவியிடம்.

"நல்லவேள, நீங்க கப்பல் ஏலத்துக்குப் போகல" என்றாள் பதுருன்னிசா.

முதலில் அவள் அழுதாள். கடைக்கு மேல்மாடியில் இருந்தவரைக்கும் அவளுக்குக் கிடைத்த வானம் ஒரு பாய் அகலம்; முற்றத்து ஓட்டையில் தெரிவது அவ்வளவுதான். ஆனால் பக்கத்து வீட்டுச் சுவரில் தட்டினால் பேச ஆள் கிடைக்கும். இங்கே எதைத் தட்டினாலும் அணில்தான் எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு நாள் விடிகாலையில் முக்காடு இல்லாமல், செருப்பில்லாமல், ஈரப் புல்லில் ஜாதிக்காய் மரம்வரை நடந்து போய்த் திரும்பினாள். பார்க்க ஒரு கண் கிடையாது. மறுநாளும் நடந்தாள். அதற்குப்பின் யாராவது அவளை மார்க்கெட் தெருவுக்குத் திரும்பிக் கூப்பிட்டால் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு கத்தியிருப்பாள்.

அப்படிக் கூப்பிடும் நாள்தான் நெருங்கி வந்தது. அவர்கள் காயல்பட்டினத்துக்காரர்கள். அந்த ஊர் வழக்கப்படி கல்யாணம் ஆனால் பெண் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பெண்ணைப் பாதி பார்ப்பார்கள், வீட்டை முழுக்கப் பார்ப்பார்கள். பெண்ணுக்கு மூக்கு கொஞ்சம் சப்பை என்றால் போகட்டும் என்று விடுவார்கள். வீட்டில் பெண்கள் வாசல் இல்லை என்றால் விடமாட்டார்கள். ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒடுக்கமாக ஒரு வாசல் உண்டு. ஆண்கள் கண்ணில் படாமல் பெண்கள் அதன் வழியாகவே வந்து போவார்கள். சிங்கப்பூரில் கடை வீடுகளிலும் பின்பக்கச் சந்தின் வழியாக எப்படியோ சமாளித்துவந்தார்கள். துரை கட்டிய பங்களாவிலோ முன்னால் யானை ஏறும் அகலத்தில் ஒரு படி, நாலு பக்கமும் திறந்த தாழ்வாரம். ஒரே நேரத்தில் ஊரே உள்ளே வரலாம். ஒரு பெண் மட்டும் மறைவாக வரமுடியாது.

இதைச் சொல்லியே மூன்று சம்பந்தங்கள் கைநழுவிப் போயிருந்தன. மூன்றாவது வீட்டம்மா போகும்போது, "காட்டுல பங்களா, பங்களாவுல பொண்ணு, புலிக்குப் புடிச்ச எடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்துல் முத்தலிப்புக்கு அது நெஞ்சில் தைத்தது.

"இந்தா, ரஷீதா உம்மா, இதான் கடைசி. ஹலீமா லாத்தாவும் வேணாம்னுட்டா வீட்டைத் தள்ளிவிட்டுடுவேன். சீனத் தவுக்கே ஒருத்தர் வெலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்கார். நாம மார்க்கெட் தெருவுக்கே போயிடலாம்."

"யா அல்லாஹ், போறதா? நீங்க போங்க. நா மரத்துல ஏறி உக்காந்துக்குறேன்."

"புலி வந்தா?"

"மூணு சம்பந்திய வெரட்டுன வீடு, புலிய வெரட்டாதா?"

சொன்னாளே தவிர, அவளுக்கு உள்ளே கலக்கம்தான். பக்கவாட்டுத் தாழ்வாரத்தில் ஒரு சின்னப் படி இருந்தது. அங்கே பச்சைத் துணியைக் கட்டித் திரையாக்கி, இதுதான் பெண்கள் வாசல் என்று காட்டுவதாக முடிவு செய்தாள். பன்னீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றாள்.

இரண்டு வண்டிகள் வந்தன. முன்வண்டியிலிருந்து ஒலி முகம்மது இறங்கினார். அப்துல் முத்தலிப் அவரைக் கட்டித் தழுவி, பெண்கள் வண்டிக்காரனிடம் வழக்கமாகக் கடை வீட்டில் சொல்வதையே சொன்னார்: "நீ பின்னாடி போப்பா." பக்கவாட்டு, பச்சைத் திரை, மனைவி காலையிலிருந்து பாடம் நடத்தியது, ஒன்றும் அவர் நினைவில் இல்லை. வண்டி வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போயிற்று.

பதுருன்னிசா நின்றாள். கால் மாற்றி நின்றாள். திரையை விலக்கிப் பார்த்தாள். கோழிதான் நின்றது.

உர்சுலா சமையல்கட்டுப் பக்கமிருந்து ஓடி வந்தாள். ஓடுகிற உடம்பல்ல அது.

"அம்மா, ஏறிட்டாங்க!"

"யாரு? எங்க?"

"சம்பந்தியம்மா. பின்படியில. நா 'அங்க இல்ல, அங்க இல்ல'ன்னு கையை ஆட்டுறேன், அவங்க சலாம் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டு அவங்களும் கையை ஆட்டுறாங்க."

பதுருன்னிசாவின் கையிலிருந்த பன்னீர் அவள் காலிலேயே கொட்டியது. வீட்டுக்குப் பின்னால் இருந்தது ஒரே ஒரு படி. ஒடுக்கமான மரப்படி. உச்சியில் பச்சை வர்ணம் அடித்த சின்னக் கதவு. லாசரஸ் காலையும் மாலையும் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஏறுவதும், கக்கூஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்குவதும் அதில்தான். துரைமார்களுக்கு அந்த வேலை நடக்கவேண்டும், ஆனால் நடப்பது கண்ணில் படக்கூடாது. அதற்காகக் கட்டிய படி. காயல்பட்டினத்துப் பெண்மணி ஒருத்திக்கு, பின்னால் ஒடுக்கமாக ஒரு படியும் ஒரு சின்னக் கதவும் தெரிந்தால் அது என்ன? பெண்கள் வாசல். வேறு எதுவாக இருக்கமுடியும்?

அவள் ரஷீதாவின் படுக்கையறை வழியாக ஓடிக் குளியலறைக் கதவைத் திறந்தாள்.

உள்ளே ஹலீமா ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்திருந்தது முதுகுப் பலகையும் இரண்டு பக்கம் கைப்பிடியும் வைத்த தேக்கு மரப் பெட்டி. உர்சுலா அன்றைக்குக் காலையில்தான் அதன் மூடியைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளக்க வைத்து, மூலைக்கு மூலை பண்டான் இலையைக் கட்டிப்போட்டிருந்தாள். அறை மணத்தது. நாத்தனார்கள் இருவரும் நாகப் படம் போட்ட பெரிய தண்ணீர்ச் சாடிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். மூவருக்கும் முகத்திலும் கையிலும் காலிலும் ஈரம் சொட்டியது.

பதுருன்னிசாவுக்குச் சிரிக்க அருகதை இல்லை. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவளே அந்தப் பெட்டியைப் பார்த்து, போர்வை வைத்துக்கொள்ள வசதி என்று சொன்னவள்தான். உர்சுலா வந்து மூடியைத் திறந்து காட்டும்வரை அது போர்வைப் பெட்டி.

"அஸ்ஸலாமு அலைக்கும், லாத்தா" என்றாள்.

"வஅலைக்கும் ஸலாம். வா, பதுரு. மூச்சு வாங்குது? உக்காரு. ஆனா, நாற்காலி ஒண்ணுதான் போட்டிருக்க. எனக்குன்னே போட்டியாக்கும்?" ஹலீமா கைப்பிடியைத் தட்டிக்கொடுத்தாள். "தேக்கு. கனமான தேக்கு."

"கனம்தான்" என்றார்கள் நாத்தனார்கள்.

"இந்த வீட்ல பொம்பளைங்க வாசல் இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறாளுக. கண்ண பொடணியில வச்சிருக்காளுகளா? எவ்வளவு அடக்கமா ஒரு படி, எவ்வளவு அழகா ஒரு கதவு. ஏறி வந்ததும் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுக்கச் சாடி நெறையத் தண்ணி. எடுத்துட்டு உக்கார நாற்காலி. என் வீட்ல கூட இப்படி யாருக்கும் தோணல."

"தோணல" என்றார்கள் நாத்தனார்கள்.

"காத்த பாரேன்!" ஜன்னல் மரச்சட்டங்களின் இடைவெளியில் ஆங்சானா மரங்கள் தெரிந்தன, மஞ்சள் பூ உதிர்ந்து ரோடு முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. "எங்க கம்போங் கிளாம்ல காத்து வேணும்னா விசிறிய ஆட்டணும். சரி, எனக்குப் புடிச்சிருக்கு. என் மகன இந்த வீட்டுக்குத்தான் அனுப்பப் போறேன்."

ஆக, நடந்துவிட்டது. மூன்று சம்பந்தங்களை விரட்டிய வீடு நாலாவதைப் பிடித்துவிட்டது. பதுருன்னிசா செய்யவேண்டியது ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும், அவ்வளவுதான். அவள் வாயை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் அது அவளுக்கு அவ்வளவு எளிதாக எப்போதும் வந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து வெளியே படி முனகியது. வாளிக் கைப்பிடி கிணுகிணுத்தது. லாசரஸ் மாதாகோவில் பாட்டு ஒன்றை மூக்கால் பாடியபடி மாலை வேலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்.

"யாரது?" என்றாள் ஹலீமா, முக்காட்டை இழுத்துக்கொண்டு.

"தண்ணிக்காரர், லாத்தா."

அதற்குள் கீழேயிருந்து உர்சுலாவின் குரல் கேட்டது. "யோவ், எறங்குய்யா! எறங்குன்னா எறங்கு!"

"மணியாச்சுடி. நேரத்துக்கு எடுக்கலன்னா நீதான் கத்துவ."

"இன்னைக்கு எடுக்கவேணாம்!"

"எடுக்கவேணாமா? யாரும் போகலியா?"

பிறகு தண்ணீர் வாளி ஒன்று படியில் உருண்டு போகும் சத்தமும், கல்யாணமாகிப் பல வருஷமான இருவருக்கு மட்டுமே சொல்ல முடிகிற சில வார்த்தைகளும் கேட்டன.

"தண்ணிக்காரர் எதை எடுக்க வர்றார்?" என்றாள் ஹலீமா.

"காலி வாளிய, லாத்தா."

காலி வாளி என்பது பொய்யில்லை என்று பதுருன்னிசா தனக்குச் சொல்லிக்கொண்டாள். உர்சுலா காலையில் கழுவி வைத்ததுதானே. கதவிடுக்கில் ரஷீதாவின் முகம் தெரிந்தது. அவள் சம்பந்தியம்மாவைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், தாவணித் தலைப்பைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு மறைந்தாள். படுக்கையறைக் கட்டில் குலுங்குவது கேட்டது.

"சர்பத்த இங்கேயே கொண்டுவரச் சொல்லு" என்றாள் ஹலீமா. "இந்தக் காத்தவிட்டு எழும்ப மனசு இல்ல."

சர்பத். பதுருன்னிசா ஒரு கணம் யோசித்தாள். பண்டான் மணக்கிறது, பெட்டி மூடியிருக்கிறது, சர்பத் ஒரு வாய்தானே. உள்ளே போய்விடும், அல்லாஹ் மன்னிப்பான். "சரி, லாத்தா" என்று சொல்லக்கூட வாயெடுத்தாள்.

"அதுக்கு முன்னாடி அஸர் தொழுதுடுவோம். ஒளுவோட இருக்கோம். அந்த முசல்லாவ விரி" என்றாள் ஹலீமா நாத்தனாரிடம். நாத்தனார் மடித்து வைத்திருந்த தொழுகைப் பாயை உதறி, சாடிக்கும் பெட்டிக்கும் நடுவே செங்கல் தரையில் விரிக்கக் குனிந்தாள்.

பதுருன்னிசா பாயின் மறுமுனையைப் பிடித்துவிட்டாள்.

"வேணாம்."

"என்ன வேணாம்?"

சர்பத் அளவுக்கு ஒரு பொய்யைத் தாங்கலாம். இதைத் தாங்கமுடியாது. ஒரு முஸ்லிம் பெண்ணைக் கக்கூஸில் தொழவைத்து அதன்மேல் மகளின் கல்யாணத்தைக் கட்டினால், அந்தக் கல்யாணம் நிலைத்தாலும் அவள் நிலைக்கமாட்டாள். ஈரப் புல், மரம், முக்காடு இல்லாத காலை, எல்லாம் தவுக்கேயிடம் போகட்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"லாத்தா, இது பொம்பளைங்க வாசல் இல்ல. அந்தப் படி கக்கூஸ்காரர் ஏறுற படி. நீங்க உக்காந்திருக்கிறது நாற்காலி இல்ல. அதான் கக்கூஸ்."

நாத்தனார்கள் இந்த முறை ஆமாம் போடவில்லை. ஒருத்தி "உம்மா!" என்று அலறிக்கொண்டு படுக்கையறைக்குள் பாய்ந்தாள். மற்றவள் தொழுகைப் பாயை மார்போடு அணைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னாலேயே ஓடினாள்.

ஹலீமா அலறவில்லை. மெதுவாக எழுந்தாள். திரும்பி நின்று மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். வட்டமாக அறுத்த ஓட்டை, அடியில் கழுவிய வாளி. மூடியைப் பழையபடி வைத்தாள். பிறகு படுக்கையறைக்குள் நடந்து வந்து, பதுருன்னிசாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போயிடலாம், மச்சி" என்றாள் அலறிய நாத்தனார். "வந்தவள கக்கூஸ்ல உக்கார வச்சு வேடிக்க பாக்குறாங்க!"

"யாரும் உக்கார வைக்கல. நானா ஏறி, நானா உக்காந்தேன்" என்றாள் ஹலீமா. "நீயும்தான் அந்தச் சாடிய தொட்டு 'சீமைச் சாடி'ன்ன. வாய மூடு."

முன்கூடத்திலிருந்து அப்துல் முத்தலிப்பின் குரல் வந்தது. "ரஷீதா உம்மா, சம்பந்தி கேக்குறாங்க. உள்ள என்ன முடிவாச்சு?"

ரஷீதா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"ஏன் சொன்ன?" என்றாள் ஹலீமா. "நான் சரின்னு சொன்னதுக்கப்புறம் ஏன் சொன்ன? சொல்லாம விட்டிருந்தா நிக்காஹ் முடிஞ்சிருக்குமே."

"சர்பத்தாயிருந்தா விட்டிருப்பேன், லாத்தா. தொழுகைய விட முடியல."

"சர்பத்த குடுத்திருப்பியா? இங்கயே?"

பதுருன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள். "குடுத்திருப்பேன்."

ஹலீமாவின் தோள் குலுங்கியது. முதலில் பதுருன்னிசா அவள் அழுகிறாள் என்று நினைத்தாள். அழவில்லை. பெரிய உடம்பு, அடிவயிற்றிலிருந்து சிரிப்பு மேலே ஏறி வர நேரமாயிற்று. வந்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தி, முகத்தைச் சுளித்து, இரண்டு முழங்காலையும் ஒன்று சேர்த்துக்கொண்டு நின்றாள்.

"ஐயோ, சிரிக்க வைக்காத. கம்போங் கிளாம்ல வண்டி ஏறுனதுலேர்ந்து எனக்கு அந்த நெனப்புதான். ரோடெல்லாம் பள்ளம். சம்பந்தி வீட்டுக்கு வந்து வாயத் தொறந்து மொத வார்த்தையா அத எப்படிக் கேக்குறது? அடக்கிக்கிட்டு அது மேலயே உக்காந்திருந்திருக்கேன், பாரு!"

"உக்காந்திருந்தீங்க" என்றார்கள் நாத்தனார்கள், பழக்க தோஷத்தில்.

"அடக்கிக்கிட்டு தொழுதா மனசு தொழுகையில நிக்காது. போயிட்டு வந்து மறுபடி ஒளு எடுத்துக்குறேன். பாய இந்த ரூம்ல விரிங்க." ஹலீமா குளியலறை வாசலில் காலை வைத்துவிட்டுத் திரும்பினாள். "பதுரு, கேளு. உன் புருஷன்கிட்ட சொல்லி, நிக்காஹ்வுக்கு முன்னாடி அந்தப் பக்கம் ஒழுங்கா ஒரு பொம்பளைங்க வாசல் வெட்டச் சொல்லு. செவுத்துல ஓட்ட போடுறதுக்கு எத்தன நாளாகப் போகுது? வாசல் இல்லாத வீடுன்னா வெட்டிக்கலாம். காத்து இல்லாத வீட்டுக்குக் காத்த எங்க போய் வாங்குறது? கக்கூஸ்ல அடிச்சாலும் காத்து காத்துதான்."

"அப்ப, லாத்தா, சம்மதம்..."

"வந்து தேதி சொல்றேன். இப்ப பேச முடியாது. நான் எது மேல உக்காந்து சம்மதம் சொன்னேன்னு யாக்கூப் காதுக்குப் போச்சு, உன் வீட்டுக் கோழிய எல்லாம் பிரியாணி போட்டுடுவேன். இன்னொண்ணு, அந்தப் பாட்டுக்காரர் படிப் பக்கம் வரக்கூடாது!"

"உர்சுலா!" என்று பதுருன்னிசா ஜன்னல் வழியாகக் கத்தினாள். "உன் புருஷன மரத்துல கட்டு!"

"கட்டியாச்சும்மா!" என்று கீழேயிருந்து பதில் வந்தது.

முன்கூடத்தில் அப்துல் முத்தலிப் மறுபடியும் கூப்பிட்டார். "என்னதான் முடிவாச்சு? சொல்லுங்களேன்!"

"பொறுங்க!" என்று ஐந்து பெண்களும் ஒன்றாகக் கத்தினார்கள். அதில் ரஷீதாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

ஹலீமா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் சடக்கென்று விழுந்தது.